எள் ஒவ்வாத பிள்ளையும் எங்கள் வீட்டு அடுப்படியும்

எங்கள் மகளுக்கு எள் ஒவ்வாது. ஐந்து வயதாகிறது, யு.கே.ஜி. படிக்கிறாள். பால் ஒவ்வாது, முட்டை ஒவ்வாது என்று சொன்னால் கேட்பவர்கள் ஓரளவு புரிந்துகொள்கிறார்கள். எள் என்றதும், "எள்ளுருண்டை கொடுக்காமல் இருந்தால் போயிற்று" என்று முடித்துவிடுகிறார்கள். திருச்சியில், மாமியாரோடு சேர்ந்து வாழும் ஒரு வீட்டில், எள் எங்கெல்லாம் இருக்கிறது என்பதை நானே அவள் பிறந்த பிறகுதான் கணக்கெடுக்கத் தொடங்கினேன். இட்லிப் பொடியில் எள் வறுத்து அரைக்கிறோம். அதைக் குழைக்க நல்லெண்ணெய் ஊற்றுகிறோம். வத்தக்குழம்பும் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் நல்லெண்ணெயில்தான் நிற்கின்றன. முறுக்கிலும் தட்டையிலும் சீடையிலும் எள் தூவுகிறோம். சனிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய் தேய்க்கிறோம், சாமி விளக்குக்கு நல்லெண்ணெய் ஊற்றுகிறோம், மூட்டு வலித் தைலத்துக்கும் அதுவே அடிப்படை. போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். இத்தனைக்கும் நடுவில், எள் பட்டால் மூச்சுத் திணறக்கூடிய ஒரு பிள்ளை வளர்கிறாள்.

இதை எழுதுவதற்குக் காரணம், எனக்குத் தேவைப்பட்ட காலத்தில் தமிழில் இதைப் பற்றிப் படிக்க எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை என்பதுதான். ஆங்கிலத்தில் கிடைத்தவையெல்லாம் தஹினி என்னும் எள் விழுது, அது சேர்ந்த ஹம்மஸ், எள் தூவிய பர்கர் பன் என்று பேசின. எங்கள் வீட்டில் அவை எதுவும் இல்லை. செக்கு எண்ணெயையும், தீபாவளி லேகியத்தையும், ஆடி அமாவாசையையும் பற்றி எனக்குச் சொல்ல யாராவது வேண்டியிருந்தது.

அவளுக்கு ஒரு வயது நெருங்கும்போது, உறவினர் வீட்டில் பொடி தடவிய இட்லியில் ஒரு விள்ளல் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் உதடு தடித்தது. கழுத்திலிருந்து வயிறு வரை காணாக்கடி போலத் திட்டுத் திட்டாகச் சிவந்தது. பெரியவர்கள் அருகம்புல்லும் மிளகும் இடிக்கப் போனார்கள். அதற்குள் அவள் வாந்தி எடுத்தாள், அழுகுரல் கரகரத்தது, இருமல் தொடர்ந்து, நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கியது. பக்கத்துத் தெருவிலேயே மருத்துவமனை இருந்தது எங்கள் பாக்கியம். அங்கிருந்த மருத்துவர் ஒரு கேள்வியும் கேட்காமல் முதலில் தொடையில் ஊசி போட்டார். பிறகுதான் என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்தார். அந்த ஊசி அட்ரினலின்.

அன்று எனக்குப் புரியாதவற்றைப் பின்னால் குழந்தை ஒவ்வாமை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு, எள்ளில் உள்ள சில புரதங்களைப் பகை என்று தவறாகப் பதிந்துகொண்டு, ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்புப் பொருளை அவற்றுக்கென்றே உருவாக்கி வைத்திருக்கிறது. மறுபடி அந்தப் புரதம் உள்ளே வந்தவுடன் மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்பு அணுக்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. தோலில் மட்டும் நின்றால் அது தடிப்பு, அரிப்பு. தோலோடு மூச்சோ, வயிறோ, இரத்த ஓட்டமோ சேர்ந்து பாதிக்கப்பட்டால் அது அனாஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தானது. பால் குடித்தால் சிலருக்கு வயிறு உப்புசம் ஏற்படுவது போன்றதுதானே இது என்று கேட்பவர்கள் பலர். அது பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவதால் வருவது. தொல்லை தரும், ஆனால் மூச்சை அடைக்காது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் "பழகினால் சரியாகிவிடும்" என்ற அறிவுரை பிறக்கிறது.

எள்ளுக்கென்று சில தனிக் குணங்கள் இருக்கின்றன. அதன் முக்கியமான ஒவ்வாமைப் புரதங்கள் சூட்டைத் தாங்குபவை. வறுத்தாலும் பொரித்தாலும் வேகவைத்தாலும் அவை அழிவதில்லை. வேறு சில புரதங்கள் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. வழக்கமான தோல் பரிசோதனைக்கான நீர்ச்சாற்றில் அவை சரியாக வருவதில்லை என்பதால், பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலிருந்தும் எள் ஒவ்வாத சிலர் இருக்கிறார்கள். அதனால்தான் எங்கள் மருத்துவர் பரிசோதனை எண்களைவிட நடந்ததை நாங்கள் சொல்லும் விதத்துக்கு அதிக மதிப்புக் கொடுத்தார்: எவ்வளவு நேரத்தில், எந்த இடத்தில், எந்த வரிசையில் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பால், முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர வளர அதிலிருந்து விடுபடுகிறார்கள். எள்ளில் அப்படி விடுபடுபவர்கள் குறைவு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அவர் கேட்ட இன்னொரு கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது கரப்பான் (தோல் வறண்டு வெடித்து அரிக்கும் நோய்) இருந்ததா, உடம்புக்கு என்ன எண்ணெய் தேய்த்தீர்கள் என்று கேட்டார். கரப்பான் இருந்தது, நல்லெண்ணெய்தான் தேய்த்தோம். வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் முதலில் அறிமுகமானால் உடல் அதைப் பகையாகவும், வாய் வழியாக வந்தால் உணவாகவும் பழகிக்கொள்கிறது என்ற கருத்தை லண்டனைச் சேர்ந்த மருத்துவர் கிடியான் லாக் முன்வைத்தார் என்றும், அவர் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு 4 முதல் 11 மாத வயதுக்குள்ளேயே நிலக்கடலை கலந்த உணவு கொடுக்கத் தொடங்கியதால் கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது என்றும் சொன்னார். எங்கள் மகளுக்கு இதுதான் காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதையும் உடனே சேர்த்தார். இதைக் கேட்ட என் மாமியார் அன்று இரவு சாப்பிடவில்லை. தாய்வழியாகக் கற்ற முறையில், பேத்தியைத் தொடையில் போட்டுத் தினமும் குளிப்பாட்டியவர் அவர். அந்தக் குளியலில் குற்றம் எதுவும் இல்லை என்பதை அவரிடம் நானும் என் கணவரும் பல முறை சொன்னோம். கரப்பான் உள்ள குழந்தை வீட்டில் இருந்தால், எண்ணெய் தேய்ப்பதற்கு முன்பு ஒரு வார்த்தை மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொல்வதற்காக மட்டுமே இதை இங்கே எழுதுகிறேன்.

அடுப்படியை மாற்றுவதுதான் முதல் வேலை. எள்ளைத் தூக்கிப் போட்டுவிடலாம், எண்ணெய்தான் கடினம். நிலக்கடலை எண்ணெயையும் சோயா எண்ணெயையும் பெரிய ஆலைகளில் நன்றாகச் சுத்திகரிக்கும்போது புரதம் ஏறத்தாழ முழுவதும் நீங்கிவிடுகிறது. நல்லெண்ணெயின் மதிப்போ, பிழிந்தபடியே மணமும் நிறமும் மாறாமல் இருப்பதில்தான் இருக்கிறது. ஆகவே புரதமும் அதிலேயே இருக்கிறது. செக்கில் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டிய எண்ணெயின் அடியில் தங்கும் கசண்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இப்போது தெருவுக்குத் தெரு மரச்செக்குக் கடைகள் வந்துவிட்டன. ஒரே செக்கில் காலையில் எள்ளும் மதியம் தேங்காயும் மாலையில் கடலையும் ஆடுகின்றன. அதனால் எங்கள் வீட்டில் எந்தச் செக்கு எண்ணெயும் வாங்குவதில்லை. சமையலுக்குச் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய். தலைக்கு, ஊரில் எங்கள் தென்னையின் தேங்காயை அரைத்து, பாலெடுத்து, வீட்டிலேயே காய்ச்சும் எண்ணெய். ஆரோக்கியத்துக்காகச் செக்கு எண்ணெய்க்கு மாறிய சுற்றத்தார், நாங்கள் 'பாக்கெட் எண்ணெய்' வாங்குவதைப் பார்த்து வருத்தப்படுகிறார்கள். அவர்கள் வருத்தத்தில் அன்பு இருக்கிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் பிள்ளைக்கு அந்தப் பாக்கெட்தான் பாதுகாப்பு.

பொடியை வெளியில் அரைக்கக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். எங்களுக்கு முன்னால் வந்தவர் என்ன அரைத்தார் என்று மாவு மில்காரரால் சொல்ல முடியாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. என் மகளுக்கு நிலக்கடலை நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. ஆனாலும் கடையில் விற்கும் கடலைமிட்டாய் எதையும் அவளுக்குக் கொடுப்பதில்லை. கடலையும் எள்ளும் ஒரே பலகையில் பாகு ஊற்றித் தேய்க்கப்படுவது வழக்கம். வீட்டில் வெல்லப்பாகு காய்ச்சி நாங்களே செய்கிறோம். பொருளே ஒவ்வாததைவிட, ஒவ்வும் பொருளைக்கூட வெளியில் வாங்க முடியாமல் போவதுதான் இந்த வாழ்க்கையில் அதிகம் சோர்வு தருகிறது.

வனஸ்பதியைப் பற்றி அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நெய்யில் வனஸ்பதி கலப்படம் செய்வதைக் கண்டுபிடிப்பதற்காக, நம் நாட்டில் வனஸ்பதியில் ஓரளவு நல்லெண்ணெய் சேர்த்தே தீர வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. நல்லெண்ணெயில் உள்ள ஒரு பொருள் பௌடுவான் சோதனையில் சிவப்பு நிறம் காட்டும். அந்தச் சிவப்பு தெரிந்தால் நெய்யில் கலப்படம் இருக்கிறது என்று பொருள். கலப்படத்தைத் தடுக்க எழுதப்பட்ட நல்ல விதிதான். ஆயினும் பேக்கரி பிஸ்கட்டையும் பஃப்ஸையும் பார்க்கும்போது எள்ளை நினைத்துப் பார்க்கும் தாய் எவள்? அதன் பிறகு நாங்கள் வனஸ்பதி சேர்ந்த எதையும் வாங்குவதில்லை.

பண்டிகைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவு முழுமையாகாது. விநாயகர் சதுர்த்திக்கு எள் பூரணம், கிருஷ்ண ஜெயந்திக்கு உப்புச்சீடை, புரட்டாசிச் சனிக்கிழமைக்கு எள்ளோதரை, தீபாவளிக்கு நல்லெண்ணெய்க் குளியலும் லேகியமும் என்று ஆண்டின் பின்பாதி முழுவதும் எள்ளாகவே வருகிறது. முதல் ஆண்டில் நான் எடுத்த முடிவு, பண்டிகைகளை ஒதுக்கிவிட்டு அமைதியாக இருப்பது. அதை ஒப்புக்கொள்ளாதவர் என் மாமியார். "சாமி கும்பிடாத வீட்டுல புள்ளைய வளக்க முடியாது. எள்ளு இல்லாம நான் செஞ்சு காட்டுறேன்" என்றார். சொன்னபடியே செய்தும் காட்டினார். கொழுக்கட்டைக்குத் தேங்காய்ப் பூரணத்தோடு பாசிப்பருப்புப் பூரணம் வந்தது. சீடையில் எள் போட்ட இடத்தில் சீரகம் விழுந்தது. புளியோதரைக்கு வறுத்த வெந்தயமும் கடலைப் பொடியும் எள்ளின் மணத்துக்கு ஈடாக நின்றன. இட்லிப் பொடியில் பொட்டுக்கடலையும் பூண்டும் கூடின. அதன்மேல் உருக்கிய நெய். லேகியத்தை நெய் மட்டும் ஊற்றிக் கிளறினார். கொஞ்சம் கெட்டியாக வந்தது, அவ்வளவுதான். விளக்குக்கு, பழைய காலத்தில் கோயில்களில் எரித்த இலுப்பை எண்ணெயைத் தேடி வாங்கிவந்து, "இதுதான்டி அந்தக் காலத்து எண்ணெய்" என்று தானே ஒரு நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டார். சுண்ணாம்புச் சத்துக்கு எள் இல்லாவிட்டால் என்ன, கேழ்வரகும் முருங்கைக்கீரையும் இருக்கின்றன என்று வாரத்துக்கு ஒருமுறை கேழ்வரகு அடையும் தட்டுகிறார்.

தீபாவளிக் காலை எண்ணெய் வைக்கும்போது அவர் தலையில் வைப்பது இப்போது தேங்காய் எண்ணெய், எல்லோருக்கும் அதுவே. பிள்ளைக்கு மட்டும் தனி எண்ணெய், தனிப் பலகாரம் என்று வைத்தால் அவள் தன்னை வேறாக நினைத்து வளர்வாள் என்பது அவர் கருத்து. நானும் அதையே நம்புகிறேன். ஒரு பிள்ளையைப் பந்தியிலிருந்து எழுப்பித் தனியே உட்கார வைப்பது மிக எளிது. பந்தி முழுவதையும் அவள் சாப்பிடக்கூடியதாக ஆக்குவதுதான் குடும்பத்தின் வேலை. எல்லா வீடுகளுக்கும் இது இயலாது என்பதும் எனக்குத் தெரியும். பல பொருள்கள் ஒவ்வாத பிள்ளை இருந்தால், அல்லது பெரிய கூட்டுக் குடும்பமாக இருந்தால், தனி மிக்ஸி ஜாடி, தனி அகப்பை, தனி டப்பா என்றுதான் போக வேண்டியிருக்கும். அதில் தவறில்லை.

ஆனால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நாங்கள் நினைக்கவும் இல்லை. என் மாமனார் காலமான பிறகு, என் கணவர் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காவிரிக் கரையில் அவருக்குத் திதி கொடுக்கிறார். அங்கே எள்ளுக்கு மாற்று கிடையாது. நாங்கள் தேடவும் இல்லை. அதனால் அன்று மகளைப் படித்துறைக்கு அழைத்துப் போவதில்லை. அவர் ஆற்றில் குளித்து, வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கைகளையும் நகக் கண்களையும் கழுவி, உடை மாற்றிய பிறகே அவளைத் தூக்குகிறார். வெறும் தண்ணீரும், கொரோனாக் காலத்தில் நாம் பழகிய கிருமிநாசினித் திரவமும் கையிலிருக்கும் ஒவ்வாமைப் புரதத்தை முழுவதும் நீக்குவதில்லை. கடலைப் புரதத்தை வைத்துச் செய்த ஆய்வில் சோப்பும் ஈரத் துடைப்பானும்தான் நன்றாக நீக்கின. பள்ளிக்கும் இதைத்தான் முதலில் சொன்னோம்.

சுற்றத்தாரிடம் பேசுவது தனிப் பாடு. இந்தியாவில் உணவு ஒவ்வாமை மேலை நாடுகளைவிட அரிதாகவே காணப்படுகிறது. இந்த அரிதான தன்மையே எங்களுக்கு இடைஞ்சல்; பார்த்திராத ஒன்றை யாரும் நம்புவதில்லை. கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா, நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், "கொஞ்சம் வாயில வச்சா ஒண்ணும் ஆகாது, சாமி பிரசாதம்" என்று புளியோதரையைப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனார். அவர் என் மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவரைத் தடுத்தது என் மாமியார்தான். கையைப் பிடித்துக்கொண்டு, முதல் முறை நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னார். நான் சொல்லியிருந்தால் படித்த மருமகளின் பயமாக அது போயிருக்கும். அவர் சொன்னதால் அந்தப் பெரியம்மா இன்று தம் வீட்டு விசேஷங்களில் சமையல்காரரிடம் தாமே முன்கூட்டிப் பேசி, எள் சேராத ஒரு வகையை எங்களுக்காக முதலில் எடுத்துவைக்கச் சொல்கிறார். இதைப் படிக்கும் இளம் தாய்மார்களிடம் நான் கேட்டுக்கொள்வது: மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, பிள்ளையின் பாட்டியையும் அழைத்துப் போங்கள். விளக்கத்தை அவர் நேரில் கேட்கட்டும். வீட்டின் காவலுக்கு அதைவிடச் சிறந்த ஆள் கிடைக்க மாட்டார்.

அவசர காலத்துக்கான ஏற்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெளிநாடுகளில் பெற்றோர் கையில் வைத்திருக்கும், அழுத்தியவுடன் தானே மருந்தைச் செலுத்தும் அட்ரினலின் பேனா, நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. வரவழைத்தால் விலையும் மிக அதிகம். எங்கள் மருத்துவர் ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள அட்ரினலின் ஆம்பூல்களையும் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகள்), சிறிய சிரிஞ்சுகளையும் எழுதிக் கொடுத்தார். அளவு, எடைக்கு ஏற்ப, ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று கணக்கிடப்படுகிறது. அவள் எடைக்குரிய அளவு எந்தக் கோடு வரை என்று சிரிஞ்சிலேயே அடையாளம் போட்டுக் காட்டி, அட்டையிலும் எழுதித் தந்தார். எடை கூடக் கூட அந்த அட்டையை மாற்றி எழுதுகிறார். தொடையின் வெளிப்பக்கத்தில், தசையில் போட வேண்டும். ஆம்பூலை உடைப்பது, காற்றுக் குமிழை நீக்குவது, ஊசி போடுவது எல்லாவற்றையும், காலி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துச் சாத்துக்குடிப் பழத்தில் குத்தி நானும் கணவரும் பழகினோம். உங்கள் பிள்ளைக்கு உங்கள் மருத்துவர் நேரில் சொல்லிக் கொடுப்பதை மட்டுமே செய்யுங்கள். என் பதிவை வைத்து யாரும் ஊசி எடுக்கக் கூடாது.

அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்தியது ஒன்று உண்டு. செடிரிசின் போன்ற மருந்து அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். மூச்சுக் குழாயைத் திறக்காது, விழும் இரத்த அழுத்தத்தைத் தூக்காது. அந்த வேலையைச் செய்வது அட்ரினலின் ஒன்றே. மூச்சு விசிலடித்தாலோ, குரல் மாறினாலோ, பிள்ளை துவண்டாலோ, அந்த அரிப்பு மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம். எழுப்பி நடக்க விடக் கூடாது. ஊசி போட்டவுடன் 108ஐ அழைக்க வேண்டும். ஊசியில் சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ஏனென்றால் சில மணி நேரம் கழித்து அதே அறிகுறிகள் மீண்டும் வரக்கூடும். திருச்சி வெயிலில் மருந்தைக் காரில் விட்டுவிட்டுப் போவதும் கூடாது; வெளிச்சமும் சூடும் அட்ரினலினைக் கெடுக்கும். ஆகவே அந்தப் பை எப்போதும் ஆளோடுதான் போகிறது: கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, காய்கறிக் கடைக்கு. சில ஊசி மருந்துகளில் நல்லெண்ணெயே கரைப்பானாகப் பயன்படுகிறது என்பதால், எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக இந்த ஒவ்வாமையைச் சொல்லிவிடுகிறோம்.

பள்ளியில் முதலில் ஒரு தயக்கம் இருந்தது. மறுத்தவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இப்போது படிக்கும் பள்ளியில், வகுப்பு ஆசிரியை எங்கள் அட்டையைத் தம் மேசை இழுப்பறையில் ஒட்டிவைத்திருக்கிறார். பகிர்ந்து உண்பதை நற்பண்பாகக் கற்பிக்கும் வகுப்பில், ஒரு பிள்ளையை மட்டும் பகிராதே என்று சொல்வது அவருக்குக் கடினமாக இருந்தது. அவர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது: சாப்பாட்டு நேரத்தில் யாரும் உணவைப் பகிர்வதில்லை, பிற்பகலில் பழம் நறுக்கி எல்லோருக்கும் பங்கிடுகிறார்கள். பிறந்தநாளுக்கு மிட்டாய்க்குப் பதில் பென்சில் கொடுக்குமாறு எல்லாப் பெற்றோருக்கும் கடிதம் அனுப்பினார். என் மகளும், "இதுல எள்ளு இருக்கா?" என்று கேட்கப் பழகிவிட்டாள். தெரியாது என்று பதில் வந்தால் தட்டைத் தள்ளி வைக்கிறாள். அந்தக் கேள்வியை அவள் பயத்தோடு கேட்பதில்லை. செருப்பு எங்கே என்று கேட்பதைப் போலக் கேட்கிறாள். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

கடைசியாக, பாக்கெட்டுகளின் மேலுள்ள எழுத்து. 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு லேபிள் விதிகளின்படி, பசையம் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகைகள், பால், முட்டை, மீன், நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட் ஆகியவற்றை ஒவ்வாமைப் பொருள்களாகத் தனியே அறிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எள் இல்லை. சேர்மானங்களில் எள் இருந்தால் அது அச்சிடப்பட்டிருக்கும். சீசமி, தில், ஜிஞ்சிலி என மூன்று பெயர்களில் எது வேண்டுமானாலும் இருக்கும் என்பதால் மூன்றையும் மாமியாருக்கு ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதே இயந்திரத்தில் எள் ஓடியதா என்பதைச் சொல்ல எந்த நிறுவனத்துக்கும் கட்டாயம் இல்லை. ஆகவே எச்சரிக்கை இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நிறுவனங்களுக்கு நேரடியாக எழுதிக் கேட்கிறேன். சிலர் அக்கறையோடு விரிவாகப் பதில் தருகிறார்கள்.

2016 ஜூலையில், நட்டாஷா எட்னன்-லாபெரூஸ் என்ற 15 வயதுப் பிரிட்டிஷ் சிறுமி, ஹீத்ரூ விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியைச் சாப்பிட்டு, விமானத்தில் நிலைகுலைந்து, பிரான்ஸின் நீஸ் நகரில் இறந்தாள். மாவிலேயே எள் பிசையப்பட்டிருந்தது. உறையில் அது எழுதப்பட்டிருக்கவில்லை. அப்படி எழுத அன்றைய சட்டம் கட்டாயப்படுத்தவும் இல்லை. தந்தை இரண்டு அட்ரினலின் பேனாக்களைச் செலுத்தியும் பயனில்லை. பெற்றோர் ஓயாமல் போராடியதன் பலனாக, கடையிலேயே செய்து பொதிந்து விற்கும் உணவுக்கும் முழுச் சேர்மானப் பட்டியல் வேண்டும் என்ற சட்டம் 2021 அக்டோபரில் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. அவள் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் எள்ளும் உண்டு. அமெரிக்காவில் அத்தகைய பட்டியலில் 2023 ஜனவரி முதல் எள் ஒன்பதாவது பொருளாகச் சேர்ந்தது. அங்கே சில பேக்கரி நிறுவனங்கள், இயந்திரங்களைத் தனித்தனியாகச் சுத்தம் செய்வதைவிட எளிது என்று, ரொட்டியில் வேண்டுமென்றே சிறிது எள் மாவைச் சேர்த்து அதை அச்சிட்டுவிட்டன. இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. ஒரு விதியை எழுதுபவர்கள் அதன் பின்விளைவையும் சேர்த்து எழுத வேண்டும். எள் விளையும் நாடு இது, எள்ளை இத்தனை விதமாக உண்ணும் மாநிலம் இது. நம் பட்டியலில் எள்ளைச் சேர்க்குமாறு உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு நான் எழுதியிருக்கிறேன். இதே நிலையில் உள்ள பெற்றோர் தனித்தனியாக எழுதினால் நல்லது.

வரும் தை மாதம் மகளுக்கு மறுபடி இரத்தப் பரிசோதனை இருக்கிறது. எள்ளுக்கான ஐ.ஜி.ஈ. அளவு போதிய அளவு குறைந்திருந்தால், மருத்துவமனையிலேயே, ஊசி மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிகச் சிறிய அளவில் தொடங்கி எள்ளைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். குறையாவிட்டால், அடுத்த ஆண்டு. ஜூனில் அவள் முதல் வகுப்புக்குப் போகிறாள். புதிய ஆசிரியையைப் பள்ளி திறப்பதற்கு முன்பே சந்திக்க அனுமதி கேட்டிருக்கிறோம். அந்தச் சந்திப்புக்குத் தானும் வருவதாக என் மாமியார் சொல்லியிருக்கிறார்.